வந்த காரணம்: பெட்டியைப் பார்க்க

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பதிவுப் புத்தகம் மாதிரி எதையாவது கண்டால் போதும், யாரும் கேட்காமலே முழு விபரத்தையும் எழுதிவிடுவேன். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, வந்த காரணம், வந்த நேரம், போகும் நேரம். ஒரு கல்யாண வீட்டில் வாழ்த்து எழுத வைத்திருந்த கொப்பியில்கூட வந்த காரணம் ‘சாப்பாடு’ என்று எழுதியிருக்கிறேன்.

யுத்த காலத்தில் கண்டிப் பக்கம் வேலை பார்த்த தமிழனுக்கு இது தடுப்பூசி மாதிரி. போர்டிங்கில் பதிய வேண்டும், பொலிஸில் பதிய வேண்டும், இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் திரும்பவும் பதிய வேண்டும். என் பர்ஸில் வேறு எது இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு எப்போதும் இருக்கும். (இரண்டிலும் குற்றவாளி மாதிரித்தான் இருப்பேன். ஸ்டூடியோக்காரரின் கைவண்ணம்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்து, பேராதனையில் ஒரு மண் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். ஊர் ஊராகப் போய் மண் அள்ளி, பையில் போட்டு, இலக்கம் ஒட்டுவது என் வேலை. “நாங்களும் மண்ணுலதானே நிக்கிறோம், இதுக்கு எதுக்குடா டிப்ளோமா?” என்று அப்பா கேட்பார்.

அங்கே ஆராய்ச்சிக்கு வந்திருந்த பீட்டர் என்ற ஹாலந்துக்காரர், ஊருக்குப் போகும்போது தன் ஜிபிஎஸ் கருவியை என் பொறுப்பில் விட்டுப் போனார். மண் எடுத்த இடத்தைக் குறிப்பதற்காக இவர் இதைக் கொண்டு திரியலாம் என்று பேராசிரியர் கையெழுத்திட்ட கடிதமும் கூடவே இருந்தது. போகிற போக்கில் பீட்டர் ஒரு விளையாட்டைப் பற்றியும் சொன்னார். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை இணையத்தில் போடுவாராம். இன்னொருவர் அந்த எண்களைக் கருவியில் அடித்துக்கொண்டு தேடிப் போவாராம். கிடைத்தால் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதி, ஒரு சின்னச் சாமானை எடுத்து, பதிலுக்கு ஒன்றை வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே மூடிவைத்துவிட்டு வர வேண்டும். பரிசு என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். கலகெதரப் பக்கம் ஒரு குன்றில்கூட ஒரு பெட்டி இருப்பதாகச் சொல்லி எண்களை எழுதித் தந்தார்.

கேட்பாரற்ற பொதியைக் கண்டால் தொடாதீர்கள் என்று பஸ்ஸுக்குப் பஸ் ஒட்டியிருந்த காலம் அது. கேட்பாரற்ற பொதியைத் தேடி பஸ் ஏறிப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. விநாச காலே விபரீத புத்தி.

இங்கே சுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஆய்வுகூடத்துக்குப் பக்கத்து நூலகத்தில் வேலை பார்த்தாள். நாங்கள் கல்யாணம் செய்ய முடிவெடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முடிவெடுக்காமல் இருந்தவர் அவளுடைய அப்பா. யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற உப தபாலதிபர். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, ஒரு பெட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கண்டிக்கு வந்து சேர்ந்தவர். விசாரணை என்று பொலிஸ் படி மிதிக்காத பெடியனாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் வாய்விட்டுச் சொன்ன நிபந்தனை. வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றும் இருந்தது. என்னைக் காணும்போதெல்லாம் மடுல்கெல்லையில் எந்தப் பக்கம் என்று கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் அதே தோட்டத்தின் பெயரைச் சொல்வேன். “பாப்பம்” என்பார். ஒரு வருடமாக இந்தப் ‘பாப்பம்’ ஓடிக்கொண்டிருந்தது.

நான் சனிக்கிழமை கலகெதர போகிறேன் என்று சுமதி வீட்டில் சொல்லிவிட்டாள். தானும் வருவதாக அவர் சொல்லியனுப்பினார். மகளைத் தருவதா இல்லையா என்று என்னோடு ஒரு நாள் நடந்து பார்த்து முடிவெடுக்கப் போகிறாராம். கண்டி பஸ் நிலையத்தில், வெள்ளை நீளக் காற்சட்டையும் குடையுமாக நின்றார். என் கையில் இருந்த கருவியைப் பார்த்ததும் முகம் மாறியது.

“உது அரசாங்க வேலைதானே, தம்பி?”

“ஆமாங்க ஐயா,” என்றேன். பேராசிரியரின் கடிதத்தையும் காட்டினேன். இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அது.

கலகெதரயில் இறங்கி, றப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் ஏறினோம். அட்டை கடித்தது. (என்னை மட்டும். அவர் காலுறைக்குள் சவர்க்காரம் பூசி வந்திருந்தார்.) பெட்டிக்கு இன்னும் ஒன்பது மீற்றர் என்று கருவி காட்டிய இடத்தில் பெரிய பாறை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி வந்தேன். பன்னிரண்டு மீற்றர் என்றது. எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். ஏழு என்றது. மரங்கள் மறைத்ததும் ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் நான் அந்தப் பாறையை அடிப்பிரதட்சணம் செய்ததைக் குடையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் தேடுவது என்ன சாமான் என்று கேட்டார். பெட்டி என்றேன்.

“பெட்டி எண்டால் ஆளின்ர கைக்கு எட்டுற உயரத்திலதான் வைப்பினம்,” என்று சொல்லிப் பாறை இடுக்கில் நெஞ்சளவு உயரத்தில் கைவிட்டார். முப்பத்து நாலு வருடத் தபால் அனுபவம். கறுப்பு டேப் சுற்றிய சாப்பாட்டுப் பெட்டி ஒன்று கையோடு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வெடிகுண்டு என்பதற்குக் குறை ஒன்றும் இல்லை.

உள்ளே ஒரு கொப்பி, பென்சில், விளையாட்டுக் கார் இரண்டு, விரலளவு மரச் சப்பாத்து ஒன்று. கொப்பியில் ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ‘பச்சைத் தவளை’, ‘மலைக்கிழவன்’ என்று ஆங்கிலத்தில் புனைபெயர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சொந்தப் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? அப்படி மறைப்பவனைத்தானே சந்தேகநபர் என்கிறார்கள்? புதுப் பக்கம் திருப்பி, கோடு போட்டு, ஏழு கலமும் பிரித்து, பதிவுப் புத்தகங்களின் வழக்கப்படி சிங்களத்தில் எழுதினேன். வந்த காரணம்: பெட்டியைப் பார்க்க. மரச் சப்பாத்தை எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு வைக்கப் பர்ஸில் தேடியபோது படம்தான் அகப்பட்டது. வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைச் சரிபார்த்தார்.

“திகதி போடேல்லை, தம்பி.”

போட்டேன். அரசாங்கப் பதிவென்றால் சாட்சி வேண்டாமா என்று கேட்டு, கீழே கையெழுத்திட்டு, வாசிக்கத் தெளிவாகப் பெயரையும் பதவியையும் எழுதினார். பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்றும் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் தந்தார். நான் பாஸாகிவிட்டேன் என்றே நம்பினேன்.

மூன்று கிழமை கழித்து, விறகு பொறுக்கப் போன ஒருவர் பெட்டியைக் கண்டார். பொலிஸ் வந்தது, இராணுவம் வந்தது, பாடசாலையைப் பாதி நாளில் மூடினார்கள், சுற்றியிருந்த வீடுகளில் அடுப்பில் சோறு இருக்க ஆட்களை எழுப்பி அனுப்பினார்கள். தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுத்ததில் பெட்டி திறந்துகொண்டது. உள்ளே நான் இருந்தேன். பெயர், இலக்கம், இரண்டு முகவரி, படத்தோடு.

அன்று மத்தியானமே ஆய்வுகூடத்துக்கு ஜீப் வந்தது. நிலையத்தில் பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன்.

“பெட்டியை வைத்தது யார்?”

“தெரியாது, சேர்.”

“இடம் எப்படித் தெரிந்தது?”

“சட்டலைட் சொன்னது.”

“எடுத்து என்ன செய்தாய்?”

“இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.”

“ஏன்?”

“அடுத்த ஆள் தேட வேண்டுமே, சேர்.”

“யார் அந்த அடுத்த ஆள்?”

எனக்குத் தெரிந்த ஒரே பதில் ‘பச்சைத் தவளை மாதிரி யாராவது’ என்பதுதான். ‘தெரியாது, சேர்’ என்றே திரும்பவும் சொன்னேன். இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. விசாரணைக்கென்று போனவர்கள் திரும்பி வராத காலம் அது.

பிறகு அதிகாரி சாட்சிக் கையெழுத்தில் விரலை வைத்தார். பொலிஸ் படி மிதித்த கணக்கில் சுமதி வீட்டில் என்னை எப்படியும் கழித்துவிடுவார்கள், அந்த மனிதரையாவது இதில் இழுக்கக் கூடாது என்று நினைத்தேன். தெரியாதவர், வழியில் சந்தித்தவர் என்றேன். இரண்டாவது பொய்.

அதைச் சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை, வாசலில் சுமதியின் அப்பா நின்றார். ஜீப்பைக் கண்ட சுமதி வீட்டுக்கு போன் செய்திருக்கிறாள். இருபது வருடத்துக்கு மேலாகப் பொலிஸ் நிலையம் இருக்கும் வீதியால்கூடப் போகாத மனிதர், புதிதாகச் சவரம் செய்து, பென்ஷன் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். சிங்களத்தில் தடுமாற்றமே இல்லை. கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். இந்த ஆளைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

“தெரியும். என் மருமகன்.”

நான் எழுந்தேவிட்டேன். உட்காரச் சொன்னார்கள். மருமகனே உங்களைத் தெரியாது என்கிறாரே என்று அதிகாரி கேட்க, அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “வாயால் பொய் சொல்லுவார், சேர். எனக்கும் அரசாங்க வேலை என்று சொல்லித்தான் கூட்டிப் போனார். எழுத்தில் பொய் எழுதமாட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதா இல்லையா, நீங்களே பாருங்கள்,” என்றார்.

அதிகாரி அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தார். இப்படி விலாசம் எழுதிவைத்துவிட்டுக் குண்டு வைப்பவன் உலகத்தில் இருக்க முடியாது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். பேராசிரியரோடு போனில் நெடுநேரம் பேசினார். இருட்டுவதற்குள் வாக்குமூலம் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களைப் போகவிட்டார். (மாமா வாசித்துப் பார்த்து, ஒரு இடத்தில் திகதி பிழை என்று திருத்துவித்தார்.) கருவி பேராசிரியரிடம் போனது. என் படம் திரும்பி வரவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் குடையை விரித்தார்.

“இனி விளையாடப் போறதெண்டால், தம்பி, அந்தத் தவளை மாதிரி ஏதும் எழுதும்.”

மூன்று மாதத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. இன்றுவரை எந்த வீட்டு விசேஷத்திலும் கொப்பியைக் கண்டால் சுமதி என் கையிலிருந்து பேனையைப் பிடுங்கிவிடுகிறாள். மரச் சப்பாத்து எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்டால் மகள் முழுக்கதையையும் சொல்வாள். கதை முடிந்ததும், தோட்டத்துப் பெடியனுக்கு எப்படிப் பெண் கொடுக்கச் சம்மதித்தீர்கள் என்று யாராவது மாமாவைக் கேட்காமல் இருப்பதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொல்வார்:

“நான் எங்க சம்மதிச்சன்? பொலிஸில கேட்கேக்க மருமகன் எண்டு வாயில வந்திட்டுது. அவங்கள் அதை வாக்குமூலத்தில எழுதிப்போட்டாங்கள். எழுதினதை மாத்தேலுமோ?”