அடுப்பில்லாமல் பொங்கிய மார்பிள்

முழு மதிப்பெண் வாங்கிய பாடத்தைத்தான் மனிதன் முதலில் மறக்கிறான். நான் வேதியியல் பட்டதாரி. படித்து முடித்ததும் ஊரோடு ஒத்து ஐ.டி. வேலைக்குப் போய்விட்டேன். (எனக்கு அதில் வருத்தமில்லை. வேதியியலுக்கும் இருந்திருக்காது.)

மாங்காட்டில் ஃபிளாட் வாங்கி, மறுநாள் பால் காய்ச்சுவதாக இருந்தோம். பூஜை மேடைக்கென்று என் மாமனார் ஒரு வெள்ளை மார்பிள் பலகை தந்திருந்தார். அம்பத்தூர் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கித் தேடி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கல் அது. "கம்ப்யூட்டரத் தட்றதத் தவிர உங்க மாப்ளைக்கு இன்னா தெரியும்?" என்று அவருடைய சொந்தக்காரர்கள் கேட்டது என் காதுக்கும் வந்திருந்தது. மறுநாள் அவர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் மாமனார் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

தரை டைல்ஸ் முழுக்கக் கொத்தனார்கள் விட்டுப்போன சிமெண்ட் கறை. புதுவீட்டில் எல்லோரும் செய்வதுபோல ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, கையுறை மாட்டிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். கறை நுரைத்துக்கொண்டு போனது. தரை பளிச்சென்று ஆனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேடையில் பதித்தபோது மார்பிள் பலகையின் நடுவிலும் பொட்டு மாதிரி கொஞ்சம் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

ஊற்றினேன். பொங்கியது. சிமெண்ட் போன பிறகும் பொங்கியது.

"இன்னா மாப்ளே, அடுப்பே இல்லாம பொங்கினு கீது?" என்றார் மாமனார்.

"அழுக்கு வெளியேறுது மாமா," என்றேன், பேராசிரியரின் நிதானத்தோடு.

"அம்மாம் அழுக்கா? நான் தொடச்சுதானே எடுத்தாந்தேன்," என்று தன்னையே நொந்துகொண்டார். (பாவம், என்னை நம்பினார்.)

சமையலறையிலிருந்து என் மனைவி தேவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மார்பிள் சுண்ணாம்புக்கல் ஜாதி, ஆசிட் பட்டா கரைஞ்சுடும்னு நீங்கதானே என் அக்கா பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

அப்போதுதான் உறைத்தது. அமிலத்தை முறிக்க ஆப்பசோடா போடலாம் என்பதும் சேர்ந்தே ஞாபகம் வந்து, பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தேன். முன்னைவிட அதிகமாகப் பொங்கியது. மாமனார் ஓரடி பின்வாங்கினார்.

கழுவிப் பார்த்தால், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு காமாட்சி விளக்கை எடுத்து அதன்மேல் வைத்தார். "வுடுங்க மாப்ளே. வெளக்கு வழுக்காம நிக்குது பாருங்க."

மறுநாள் சொந்தக்காரர் ஒருவர், "பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்று விசாரித்தார்.

"பாலு கெழக்கால. கல்லு நேத்தே நாலாப் பக்கமும் பொங்கிடுச்சு," என்றார் மாமனார். வீடே சிரித்தது. நானும்தான்.

என் பட்டச் சான்றிதழ் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ தெரியவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அந்த விளக்கைத் தூக்கிவிட்டுக் காட்டுகிறார்.

"எங்க மாப்ள கெமிஸ்ட்ரி படிச்சவரு. இன்னா, நம்பலையா? தொட்டுப் பாரு."