பயிரின் தாகத்துக்கு ஃபுல் பவர்

பயிருக்குத் தாகமா இல்லையான்னு விவசாயி சொன்னா நம்பக் கூடாது, பயிரே நேர்ல சொல்லணும்னு மேலிடத்துல முடிவாயிடுச்சு. பயிர் சொல்றதைக் கேக்க ஒரு லேசர் மிஷினும் வந்துடுச்சு.

தரங்கம்பாடி பக்கம் கடைமடையில மங்களாம்பிகைக்கு ஒன்றரை ஏக்கர். கதிர் பால் புடிக்கிற நேரம், வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. இந்த வாரம் மதகு திறக்கலன்னா அத்தனையும் பதருதான். மிஷின் 'தாகம்'னு சொன்னாத்தான் மதகைத் திறப்பாங்க.

பயிர்த் தாக ஆய்வு அலுவலர் ராம்கி மிஷினோட வந்து எறங்கினாரு.

"இலையில லேசர் அடிச்சா பச்சையம் செவப்பா ஒளிரும்மா. தவிக்கிற பயிர் கூடுதலா ஒளிரும். பயிரால பொய் சொல்லவே முடியாது."

"வெடிப்புல உங்க செருப்பு மாட்டிக்கிட்டு நிக்குது சார். அது போதாதா?"

"செருப்பு விதிமுறையில இல்லம்மா."

லேசா அடிச்சாரு. இலை ஜோரா ஒளிர்ந்துச்சு. மிஷின் 'கடும் தாகம்'னு காட்டுச்சு. மங்களாம்பிகை மிஷினுக்கே ஒரு கும்பிடு போட்டுச்சு.

"இது சும்மா ட்ரையல். அரசு ஆய்வுன்னா ஃபுல் பவர்தான். சுற்றறிக்கை இருக்கு."

ஃபுல் பவர்ல அடிச்சாரு. அவ்வளவு வெளிச்சத்தை வாங்கின பச்சையம் திணறிப்போயி, ஒளிர்றதையே நிறுத்திடுச்சு. மிஷின் சொல்லுச்சு: 'தாகமில்லை. பயிர் திருப்தியாக உள்ளது.'

"சார், இலை வெளுத்துப் போச்சு சார்!"

"வெளுத்த எடத்துல தாகம் எப்புடிம்மா இருக்கும்?"

மங்களாம்பிகை விடல. ஊரைத் திரட்டி மனு கொடுத்துச்சு. மறுநாளே பெரிய அதிகாரி விசாரிக்க வந்தாரு. நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்னு சோறு வடிக்கிறப்பகூட சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு அந்தம்மா.

சமுதாயக் கூடத்துல டிவிக்காரங்க நாலு பக்கமும் லைட்டைப் போட்டாங்க. மூஞ்சிக்கு நேரா ஆறு மைக். பெரிய அதிகாரி கேட்டாரு:

"சொல்லுங்கம்மா, தண்ணிக் கொறை ஏதும் இருக்கா?"

மங்களாம்பிகைக்குக் கண்ணு கூசிச்சு. சொல்லிப் பாத்த நாலு கேள்வியும் அந்த வெளிச்சத்துல மறந்தே போச்சு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. நல்லாருக்கோம்."

கூடமே கை தட்டுச்சு.

வெளிய வந்ததும் பக்கத்து வயல் பக்கிரி எகிறினாரு. "ஏம்மா, கிழிக்கிறேன்னு போனியே?"

"நீங்க கிழிச்சிருக்கலாம்லண்ணே?"

"எம்மேலயும்தான் லைட்டு திரும்பிடுச்சே!"

அதுக்குள்ள ராம்கி சந்தோஷமா ஓடியாந்து ரிப்போர்ட்டை நீட்டினாரு.

"கையெழுத்துப் போடுங்கம்மா. பயிர் சொன்னதும் நீங்க சொன்னதும் அப்புடியே ஒத்துப்போவுது. மிஷின் எவ்வளவு கரெக்ட்டு பாத்தீங்களா!"