எலக்ட்ரானும் இரைச்சலும்

"என்னங்க, உங்க டிரான்ஸ்மிட்டரைக் கொஞ்சம் நிறுத்துங்க. கம்ப்யூட்டர்ல ஒரே இரைச்சலாம். இன்டர்வியூவுல கேக்கிற கேள்வியே நம்ம பொண்ணு காதுல விழலையாம்."

போனில் மனைவி. மகளின் புதுச் சட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்து பேசினாள். அந்தக் குடியிருப்பில் பல்பு கருகினாலும் பழி பக்கத்து ரேடியோ நிலையத்தின் மேல்தான்.

நிலையத்தின் ஆபரேட்டர் ஸ்விட்ச்சில் கை வைத்தார். இந்த வேலையும் கைநழுவினால் மகள் உடைந்துபோவாள். ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தில் மாட்டிக்கொண்டு சுழலும் எலக்ட்ரான்களை நிலையத்தின் அலைகள் தட்டி உதிர்க்கின்றனவா என்று அது பார்க்கும். அதற்காக டிரான்ஸ்மிட்டர் சீராக விட்டு விட்டு ஓட வேண்டும். பிசகினால் சீட்டுக் கிழியும் என்று இந்த ஆய்வை நடத்தும் விஞ்ஞானி அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பெற்ற மனம் கேட்கவில்லை. அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"இப்ப?"

"நின்னுடுச்சு."

உடனே டிரான்ஸ்மிட்டரை மறுபடி போட்டார். மறுபடி போன் வந்தது.

"திரும்ப இரைச்சலாம்."

சக்தியைப் பாதியாக்கினார். "இப்ப?"

"நின்னுடுச்சு."

சற்று நேரத்தில் மறுபடியும் இரைச்சல். அணைத்தார். விட்டதைப் பிடிக்க முழு வேகத்தில் போட்டார். திரும்பவும் அணைத்தார். செயற்கைக்கோள் கடந்துபோனபோது அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

விஞ்ஞானி அழைத்தார். "யார் கேட்டு நிறுத்துனீங்க?"

"என் பொண்ணுக்கு இன்டர்வியூ, மேடம். என்னை மன்னிச்சிடுங்க."

"முன்னாடி சீரா ஓடினப்போ எலக்ட்ரான் விழுந்ததை மத்த விஞ்ஞானிங்க தற்செயல்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு நீங்க கன்னாபின்னான்னு நிறுத்தினீங்க, எலக்ட்ரானும் அதே கன்னாபின்னாவுலதான் விழுந்திருக்கு. காரணம் நாமதான். இனி யாரும் வாய் திறக்க முடியாது."

ஆபரேட்டருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. நிலையத்தை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. மனைவி மிச்சத் தையலில் மூழ்கியிருந்தாள்.

"நான் நிறுத்தினா எலக்ட்ரானும் நிக்குது, இரைச்சலும் நிக்குது. ஒரே நாள்ல ரெண்டுக்கும் காரணம் தெரிஞ்சுபோச்சு," என்றார் பெருமை பிடிபடாமல்.

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, கம்ப்யூட்டர்ல மறுபடியும் இரைச்சல்."

ஆபரேட்டர் ஜன்னல் வழியே, அணைத்துவிட்டு வந்த நிலையத்தைப் பார்த்தார். மனைவி தையல் மெஷினின் மோட்டார் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"நின்னுடுச்சுப்பா."

மனைவி மெல்ல நிமிர்ந்தாள். "உங்ககூட போன்ல பேசினப்பல்லாம் மெஷினை நிறுத்திட்டுத்தானேங்க வந்தேன்."