லகான் நைனா விட்ட மூச்சு

குதிரைக்கு மரியாதை கொடுப்பதில் லகான் நைனாவை மிஞ்ச பூனாவிலேயே ஆள் கிடையாது. ‘ராஜா’, ‘கண்ணு’, ‘ஐயா’ எல்லாம் குதிரைகளுக்கு. மிச்சம் இருந்தால்தான் மனிதர்களுக்கு.

நான் அப்போது ரேஸ் மைதானத்தை ஒட்டிய ஒரு லாயத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் மெட்ரிக் தேறிய முதல் ஆள் என்பதால், உலகத்தில் உள்ளதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நைனாவுக்கு ஊர் ஆற்காடு பக்கம்; குடியிருந்தது போபோடியில்; வேலை, பந்தயக் குட்டிகளுக்குக் கடிவாளமும் சேணமும் பழக்குவது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

தாம் போட்டுப் பார்க்காத எதையும் குதிரைக்குப் போட மாட்டார். டிசம்பர் குளிரில் கடிவாள இரும்பு ஐஸாகிவிடும். அதைத் தம் வாயில் பத்து நிமிஷம் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் குட்டியின் வாய்க்குப் போகும். முதலாளி சேட் சரியாக அந்த நேரத்தில்தான் வருவார்.

“க்யா நைனா, சப் டீக்?”

“ம்ங்ங்.”

“குட்டி கைசா ஹை?”

“ம்ங்ங், ம்ங்.”

“அச்சா ஹை போல்தே, சாப்” என்று, குட்டி நன்றாக இருக்கிறதாம் என்பதாக நான் மொழிபெயர்ப்பேன்.

சேணத்தை வயிற்றோடு இறுக்கும் வாரையும் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவார். அப்படியே ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, மூன்றாவது கவளத்திலேயே மூச்சு முட்டி எழுந்துவிட்டார். மறுநாள் லாயம் அதிர்ந்தது: “தின்னவுடனே எவனாவது வார் கட்டினீங்க, தொலைச்சிடுவேன்! நான் பட்டுட்டேன்டா!”

அந்த வருஷம் ஒரு செவலைக் குட்டி வந்தது. முன்பு பழக்கியவன் சவுக்கால் அடித்திருந்தான். வார் மேலே பட்டாலே வயிற்றை உப்பிக்கொள்ளும். ஆள் ஏறியதும் மூச்சை விடும், வார் தளரும், சேணம் சரியும், நைனா மண்ணில் கிடப்பார். ஒன்பது முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து, “எனக்கு ஒண்ணுமில்ல ராஜா, நீ பயப்படாத” என்று அதற்கு ஆறுதல் சொன்னார்.

சேட்டுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஆளைச் சுமக்காவிட்டால் டாங்கா வண்டிக்கு விற்றுவிடுவதாகவும், நைனாவும் கூடவே கிளம்பலாம் என்றும் சொல்லிவிட்டார்.

குதிரை பழக்குவது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நான் புரட்டினேன். “நைனா, ஏழாம் நாளே ஏறி உட்காரணும்னு போட்டிருக்கு.”

“ஏழாம் நாளுன்னு குதிரைக்கு யாரு சொன்னது? நீ போய்ச் சொன்னியா?”

ஞாயிறு வந்தது. சேட் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நைனா வாரைக் கட்டினார். செவலை தவிலாக உப்பியது. நைனா அதன் எதிரில் போய் நின்று, தாமும் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. நைனாவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

“நைனா, செத்துத் தொலைஞ்சிடாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் “ப்ப்பூ...” என்று மெதுவாக விட்டார். செவலை காதை முன்னால் நீட்டி யோசித்தது. பிறகு உடம்பு முழுக்கத் தளர, அதுவும் பெருமூச்சு விட்டது. பின்னாலேயே இன்னொரு மூச்சுச் சத்தம், அது சேட்டுடையது. நைனா வாரை இரண்டு துளை இறுக்கினார். மூட்டை போல அதன் முதுகில் குறுக்கே படுத்தார். காத்திருந்தார். காலைத் தூக்கிப் போட்டு நிமிர்ந்தார். செவலை, குட்டிகளைப் பழக்கும் வட்டத்தை ஒரு சுற்று நடந்து வந்தது.

“தோனோ கோ ரக்கோ.” இரண்டு பேருமே இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு சேட் காரேறினார்.

நைனா இறங்கினார். குட்டியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ்டா கண்ணு. எனக்கு வேற வேல தெரியாதுடா” என்றார்.

டீ வாங்கப் போவதாகச் சொல்லி நான் நகர்ந்தேன். பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, தூரத்துக் கடைக்கே போனேன்.