அப்பாவின் கொம்பியூட்டரை வேவு பார்த்த கதை

வேவு பார்க்கப் போகிறவருக்கு, பிடிபட்டதை வாசிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2010இல் நாங்கள் சுவிசில், பாசல் நகரில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. ஒரு நிறுவனத்தில் கணினித் தொழிற்பயிற்சி தொடங்கியிருந்தேன். (பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்தெடுப்பதுதான் அங்கே என் பிரதான வேலை. வீட்டிலோ நான் நிபுணி.)

அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. லீவு நாளில் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் டொக் டொக்கென்று அடித்துத் தனக்குள் சிரிப்பார். அம்மா பக்கத்தில் போனால் சட்டென்று மூடிவிடுவார்.

"பிள்ளை, கொப்பர் ஆரோ பொம்பிளையோட கதைக்கிறார் போல," என்றார் அம்மா. கண் கலங்கியிருந்தது. "நீ உதுகள் படிக்கிறனிதானே? என்னெண்டு பார்."

பார்த்தேன். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள் ஒன்றை இலவசமாக எடுத்துப் போட்டேன். அடுத்த லீவு நாள் முடிந்ததும் திறந்தால், பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள்.

"அம்மா, அப்பா இரகசியக் குறியீட்டில எழுதுறார்," என்றேன். அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் அதை அச்செடுத்து, எப்படி உடைப்பது என்று என் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அடித்தது யார்?"

"என் அப்பா."

"பதிவது அவருக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும்."

"அவருக்காக உன் அம்மா அனுமதி கொடுக்க முடியாது." வளர்ந்த ஒருவர் எழுதுவதை அவருக்குத் தெரியாமல் பதிவது வழக்குவரை போகலாம் என்றார். "இன்றைக்கே அழி. அப்பாவிடம் சொல்லிவிடு."

ட்ராமில் வரும் வழியெல்லாம் எனக்குப் பின்னால் பொலிஸ் வருவதாகவே இருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவை வைத்துக்கொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"விசரி, இது பாமினி. தமிழ்தான்."

ஆங்கில விசையைத் தட்டத் திரையில் தமிழ் வரும் அந்த எழுத்துருவைப் பற்றி, சுவிசில் பிறந்த நிபுணி கேள்விப்பட்டதே இல்லை.

"ஊர் ஆக்களின்ர இணையத்தளத்துக்கு வேற பேரில பகிடிக் கட்டுரை எழுதுறனான். வெக்கத்தில சொல்லேல்லை," என்றார் அப்பா.

"அப்ப வாசியுங்கோ, கேப்பம்," என்றார் அம்மா.

"இஞ்சரும், வேண்டாம், விடும்." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, நீயும் விடு. சொல்லுறதைக் கேள்."

குற்றவாளி தடுமாறுகிறார் என்று நினைத்தேன். காலையில் கேட்ட சட்டமெல்லாம் காற்றில் பறந்தது. அழிக்கச் சொன்ன பதிவையே திறந்து, முழுவதையும் தெரிவுசெய்து, எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினேன். திரை முழுக்கத் தமிழ். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். அம்மா சத்தமாக வாசித்தார்.

"என் மகள் ஒரு சுவிஸ் பெடியனோடு ட்ராம் தரிப்பிடத்தில் கைகோத்து நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காதலிப்பது அவள், ஒளிவது நான். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவள்."

ஊருக்கே வேறு பெயரில் சொன்னவர், அம்மாவிடம் மட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாமேல் அந்த நிமிடம் எனக்குப் பொங்கி வந்த அன்பை அனுபவிக்க அம்மா அவகாசம் தரவில்லை.

அந்தப் பெடியனோடான காதல் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. கதை தாண்டிவிட்டது. பல வருடம் கழித்து, என்னைக் கட்டப்போகிறவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, அம்மா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நான் இவளிட்ட இந்த மனுசனைப் பிடிச்சுத் தரச் சொன்னனான். இவள் தன்னைப் பிடிச்சுத் தந்தவள்."