ஹலோ மாமா வாய் திறக்காமல் ஆடிய ஆட்டம்

கடலூர் ஜில்லாவில் காது கேட்கிற எல்லோருக்கும் ஹலோ மாமாவைத் தெரியும். காது கேட்காதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்களுக்குக் கேட்கிற ஒரே குரல் அவருடையதுதான்.

தொழில், ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்வது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன கறவை மாடு, நாளைக்குக் குடிதண்ணீர் வராது, இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று திருப்பாதிரிப்புலியூருக்கு எந்தச் செய்தி வந்தாலும் அவர் வாய் வழியாகத்தான் வரும். மைக்கைத் தட்டி "ஹலோ... ஹலோ..." சொல்லிப் பழகிப் பழகி, மைக் இல்லாத இடத்திலும் அது விடவில்லை. கோயிலில் சாமி முன்னால் நின்றால்கூட முதலில் ஒரு ஹலோ போட்டுவிட்டுத்தான் வேண்டுதலுக்கே போவார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த முறையில் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான். மற்றபடி ரத்த சம்பந்தம் கிடையாது. எதிர்வீடு, அவ்வளவுதான்.

எதிர்வீடு என்பது சாதாரண விஷயம் இல்லை. வீட்டிலும் அவர் பேசுவது அதே சத்தம்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா இருக்குதே" என்றார். அன்றைக்குத் தெருவில் பாதி வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும்தான். வாயில் வைக்க முடியவில்லை.

சாவு அறிவிப்பு சொன்னால் அழாதவர்கள் அழுவார்கள். கோடித் தெருப் பெரியவர் ஒருவர் அப்படிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எனக்கும் நீதாம்பா சொல்லணும். இப்பவே சொல்லி வெச்சுட்டேன்" என்று முன்பதிவு செய்துவிட்டுப் போனார். ஆள் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார். மாமா அவரைப் பார்க்கும்போதெல்லாம் "உடம்பு எப்புடி இருக்குது?" என்று கேட்கும் ஆர்வம்தான் எனக்குப் பிடிக்காது.

இப்போது மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லாம் யாரையோ வைத்துப் பேசிப் பதிவு செய்து பென் டிரைவில் ஓடவிடுகிறார்கள். மாமா மாட்டேன் என்றுவிட்டார்.

"பென் டிரைவுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அடக்கி வாசிக்கணும்னு தெரியுமா மச்சான்? எதுத்தாப்புல ஸ்கூல் புள்ளைவோ வருதுன்னா நிறுத்தத் தெரியுமா? வாய்ன்னா வாய்தான்."

அந்த வாய்க்குத்தான் ஆபத்து வந்தது. குரல் கரகரத்தது, பிறகு பாதிப் பாதியாக உடைந்தது. சிதம்பரத்தில் ஒரு தொண்டை டாக்டரம்மாவிடம் காட்டினோம். குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி, பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் குண்டைப் போட்டார்.

"இனிமே நான் சொல்ற வரைக்கும் வாயத் தெறக்கக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். மீறிக் கத்தினீங்கன்னா குரல் திரும்பி வரும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

மாமா "சரிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார். அக்கா பாய்ந்து பொத்தினாள்.

குரல் போனால் இந்த மனிதர் என்ன ஆவார்? திரும்பி வருகிற ரயிலிலேயே சோதனை ஆரம்பித்தது. இந்த வண்டியில் ஏறினால் யாரும் கேட்காமலே ஸ்டேஷன் பேரைச் சொல்லிக்கொண்டு வருவது அவர் வழக்கம். பரங்கிப்பேட்டை தாண்டியது. பக்கத்தில் ஒரு அம்மா எழுந்து, "ஆலப்பாக்கம் வந்துடுச்சாப்பா?" என்று அவரையே பார்த்துக் கேட்டார். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அக்கா கையிலிருந்த வாழைப்பழத்தை உரித்த வேகத்தில் அவர் வாயில் திணித்துவிட்டு, "அடுத்தது புதுச்சத்திரம், அதுக்கு அடுத்ததுதாம்மா" என்று தானே பதில் சொன்னாள்.

இப்படியே விட்டால் வாழைப்பழம் கட்டுப்படியாகாது என்றுதான் என் போனை அவர் கையில் கொடுத்தேன்.

எனக்குச் சிதம்பரத்தில் ஆபீஸ். தினமும் ரயில். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இன்டர்நெட்டில் 'கோ' ஆடுவது என் பைத்தியம். சீனா, ஜப்பான் பக்கத்து ஆட்டம். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பலகை, ஒருத்தருக்குக் கறுப்புக் கல், ஒருத்தருக்கு வெள்ளைக் கல். மாற்றி மாற்றி வைத்து இடம் வளைக்க வேண்டும். உலகத்தில் எந்த மூலையிலோ இருக்கிற ஆளோடு சர்வர் நம்மைக் கோத்துவிடும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். மாமாவுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் உண்டா? கேரம் என்றால் கத்துவார். சீட்டு என்றால் சண்டை.

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கல்லைக் கட்டத்துக்கு உள்ளே வைக்கப் பார்ப்பார்கள். வைக்க வேண்டியது கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில். இதை நான் சொல்லும் முன்பே மாமாவின் விரல் சரியாக அந்த இடத்தைத் தொட்டது. எப்படி என்று கேட்டேன். போனிலேயே டைப் அடித்துக் காட்டினார்.

"ஆட்டோவ முக்குலதான் நிறுத்தணும் மச்சான். தெரு நடுவுல நிறுத்துனா அந்தத் தெருவுக்குதான் கேக்கும். முக்குல நின்னா நாலு தெருவுக்கும் கேக்கும்."

ஒரு கல்லைச் சுற்றி நாலு பக்கமும் எதிராளி அடைத்துவிட்டால் அந்தக் கல் போச்சு என்றேன். அதுவும் உடனே புரிந்தது. தேர் அன்றைக்குச் சன்னதித் தெருவில் அவர் ஆட்டோ மாட்டிக்கொண்டது போல என்று கையாலேயே தேர், கூட்டம், போலீஸ் எல்லாம் செய்து காட்டினார். பெட்டியே வேடிக்கை பார்த்தது. ஆலப்பாக்கம் அம்மா இறங்காமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கென்று ஒரு கணக்குத் திறந்தோம். பெயர் கேட்டது. அவர் தன் பெயர், ஊர், தொழில், 'விசேஷங்களுக்கு அணுகவும்' எல்லாம் அடித்தார். சர்வர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 'ஹலோ கடலூர்' என்று முடிந்தது. பெரிய பலகை இப்போது வேண்டாம், ஒன்பது கோடு போட்ட சின்னப் பலகையில் ஆடுங்கள் என்றேன். முதல் ஆட்டத்துக்கு முன்னால் எதிராளிக்கு ஒரு வாழ்த்து அனுப்ப வேண்டும் என்றார். ஏதாவது இரண்டு வார்த்தை என்று நினைத்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே தாய்மார்களே" என்று தமிழில் ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு அடித்துவிட்டார். அந்தப் பக்கம் ஏதோ பனி பெய்கிற தேசத்துக் கொடி. ரொம்ப நேரம் கழித்து ஒரு சிரிப்பு பொம்மை வந்தது. மாமா ஊரையே ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

ஜெயித்தது அதோடு சரி. அதற்கப்புறம் தோல்வி, தோல்வி, தோல்வி. மனிதரோடு தோற்றார். சர்வர் வைத்திருக்கிற, குழந்தைகளுக்கான கம்ப்யூட்டரோடும் தோற்றார். ஒரு தடவை ஆட்டத்துக்கான கடிகாரம் ஓடுவது தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்து தோற்றார்.

உட்கார்ந்து கவனித்ததில் காரணம் புரிந்தது. ஒரு கல்லை வைப்பார். அடுத்ததைப் பலகையின் அந்தக் கோடியில் வைப்பார். அதற்கடுத்தது இன்னொரு மூலை. ஒரு கல்லுக்கு இன்னொரு கல் துணை கிடையாது. எதிராளி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போவான்.

"மாமா, கல்லு சாவப் போவுது. பக்கத்துல ஒண்ணு வெச்சு சேத்துக்கங்களேன்."

தலையை ஆட்டினார். டைப் அடித்தார். "ஒரு முக்குல ஒரு தடவதான் நிக்கணும். திரும்பி அங்கியே வந்தா ஜனங்க அடிக்க வருவாங்க."

ஆயுசு முழுக்கத் தெருத் தெருவாகப் போய்க்கொண்டே இருந்த மனிதரை ஓரிடத்தில் நில் என்றால் எப்படி நிற்பார்? நானும் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இதற்குள் டாக்டரம்மா அவர் தொண்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று திருப்பி அனுப்பினார். ஜவுளிக்கடைக்காரர்கள் பென் டிரைவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குரல் தெருவில் போகும்போது மாமா போனிலிருந்து நிமிராமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மாற்றிவிட்டது அக்காதான். அவளுக்கு கோவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பேச இடமே கிடைத்ததில்லை. இப்போதுதான் கிடைத்தது. காலையில் கீரை ஆயும்போது ஆரம்பித்தால் மத்தியானம் வரை பேசுவாள். சின்ன வயதில் காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை பொறுக்கியது, எட்டாவதில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியது என்று என்னென்னமோ. "நீயா? பேச்சுப் போட்டியிலயா?" என்பது போல மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, இவுரு என்ன பண்ணுவாரு தெரியுமா? வருவாரு, சொல்லுவாரு, போயிடுவாரு. நான் ஒண்ணு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அடுத்த தெருவுல இருப்பாரு. கொஞ்சம் நின்னு, எதுத்தாப்புல இருக்குறவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போனா கொறைஞ்சா போயிடும்?"

மாமா அக்காவையே பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒரு ஆட்டம் ஆரம்பித்தார். முதல் கல்லை வைத்தார். எதிராளி பக்கத்தில் வந்து வைத்தான். வழக்கம் போல மூலைக்குப் போன விரல், பாதியில் நின்று திரும்பி வந்து முதல் கல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கல்லை வைத்தது. அந்த ஆட்டத்திலும் தோற்றார். ஆனால் அன்றைக்கு ஒரு கல்லும் அநாதையாகச் சாகவில்லை.

முதல் வெற்றி டீக்கடையில் வந்தது. கடைக்காரர் லால்பேட்டை பாய். கடைக்கு வருகிறவர்கள் மாமாவிடம் கேள்வி கேட்டால் டீ கிடையாது என்று சட்டமே போட்டிருந்தார். சாயங்காலம், கடை நிறையக் கூட்டம், போனில் எதிராளி அதே பனி தேசத்துக்காரர். ஓர் ஓரத்தில் மாமாவின் கறுப்புக் கற்கள் கையைக் கோத்துக்கொண்டு நின்றன. வெள்ளை முட்டி முட்டிப் பார்த்தது. வைக்க இடமில்லை என்றானதும் இருவரும் 'பாஸ்' கொடுத்தார்கள். அப்போதுதான் சர்வர் இடத்தை எண்ணி முடிவு சொல்லும். சொன்னது. சொற்பப் புள்ளியில் ஹலோ கடலூர் வெற்றி.

மாமா எழுந்தார். வாய் அகலமாகத் திறந்தது. நெஞ்சு விம்மியது. ஆற்றிக்கொண்டிருந்த டீயை பாய் அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார். போச்சு, இவ்வளவு நாள் காத்ததெல்லாம் போச்சு என்று நினைத்தேன். காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்ற அக்கா, சத்தமே போடாமல், "வேணாங்க" என்றாள்.

வாய் மெல்ல மூடியது. ஆனால் வந்த சந்தோஷம் எங்கேயாவது போக வேண்டாமா? ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி, மார்க்கெட் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஹலோ மாமாவின் ஆட்டோ பேச்சே இல்லாமல் வெறும் ஹாரனோடு போகிறது என்றால் பெரிய தலைவர் யாரோ போய்விட்டார் என்று நினைத்து, பாதிக் கடை ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பாய் மட்டும், "மாஷா அல்லாஹ், வாயத் தெறக்கல மனுஷன்" என்று நின்ற டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் மறுபடி சிதம்பரம். ரயிலில் மாமா ஆடவில்லை. போனில் எனக்கு ஒரு வரி அடித்துக் காட்டினார். "குரல் வரலன்னா என்ன பண்றது மச்சான்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. இப்ப பேசுங்க, மெதுவா" என்றார். மாமா பேசவில்லை. அப்படி ஒரு பயத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"வரலன்னா போவுது மாமா. நீங்க ஆட்டோ ஓட்டுங்க, நான் மைக் புடிச்சுப் பேசறேன்" என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் குரல் அவருடைய மைக்கில் திருப்பாதிரிப்புலியூர் முழுக்கப் போவதை ஒரு நிமிஷம் யோசித்திருப்பார் போல. முகம் மாறியது. டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"சாப்டீங்களாம்மா?"

சின்னக் குரல். பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல். ஆனால் உடையவில்லை, முழுசாக வந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இனிமேல் கத்தவே கூடாது, சத்தத்தை எல்லாம் மைக் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பேசினால் மட்டும் போதும் என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார்.

அதனால் இப்போதெல்லாம் மாமா விளம்பரம் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து நம் ஒருத்தருக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருக்கும். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். இன்னும் வருவார்கள். சொல்லி முடித்ததும் ஆட்டோ உடனே கிளம்புவதில்லை, யாராவது ஏதாவது கேட்கிறார்களா என்று நின்று பார்க்கிறார்.

நேற்றுக் காலையில் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஆட்டோ. பூச்சி மருந்து விளம்பரம். கத்தரி, வெண்டை, மல்லாட்டை என்று ஒவ்வொரு செடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. ரயில் போனால் போகிறது என்று கடைசி வரைக்கும் நின்று கேட்டேன்.