இளையான்குடி ஹாஜியார்

தெரியாத வார்த்தையால் யாருக்கும் பெரிய ஆபத்து வந்துவிடாது. என்னவென்று கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். பாதி தெரிந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்த வார்த்தை, பெருநாள்.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு பெயிண்ட் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'கொஞ்ச நாள் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம்' என்று சொல்லித்தான் முதலாளி ஜமால் ராவுத்தர் எடுத்திருந்தார். அதனால் நல்ல பேர் வாங்கும் சந்தர்ப்பத்துக்காகக் கொக்கு மாதிரி காத்திருந்தேன்.

ஒருநாள் முதலாளி போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. "ஆமாப்பா, ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான். குடும்பத்தோட போறோம். புதன்கிழமை காலையில கெளம்பிருவோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கலா, புதன்கிழமையிலருந்து நான் இருக்க மாட்டேன். கடைய நீயும் செல்வமும் பாத்துக்கங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஹஜ் என்றால் மெக்கா. அது எனக்குத் தெரியும். பெருநாள் என்றால் பெரிய நாள். (தமிழில் நான் எப்போதும் நல்ல மார்க்.) ஆக, ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் ஏங்கிக் காத்திருந்த அந்தப் பெரிய நாள் புதன்கிழமை வருகிறது. அதைக்கூட எவ்வளவு அடக்கமாகச் சொல்கிறார் என்று கண் கலங்கினேன்.

பக்ரீத் எனக்குத் தெரியாமலில்லை. எங்கள் வீட்டுக் காலண்டரில் அந்த வாரமே சிவப்பில் போட்டிருந்தது. ஆனால் பக்ரீத் வேறு, இது வேறு என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கடையிலேயே பெயிண்ட் வாங்கி வீடுகளுக்கு அடித்து, மற்ற நேரம் கடையிலும் ஒத்தாசை செய்யும் செல்வம் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, கலா?"

"அடக்கம்ணே. நாமதான் நல்லா வழியனுப்பணும்."

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெரிய பலகை ஒன்றில் 'ஹஜ் பயணம் செல்லும் எங்கள் முதலாளி அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்று பச்சை பெயிண்டில் எழுதினார். தெரிந்த பெயிண்டர்களையெல்லாம் கூப்பிட்டார். நான் ஆளுயர ரோஜா மாலைக்குச் சொன்னேன். சிங்கம்புணரியிலிருந்த என் அம்மாவிடமும் போனில் உளறிவைத்தேன். அம்மா விடியற்காலை பஸ் பிடித்து, ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கோடு வந்து இறங்கிவிட்டார். "ஏரோப்பிளேன்ல என்னத்தத் தின்னக் குடுப்பாகளோ" என்றார்.

புதன்கிழமை காலை. கடைக்குப் பின்னால்தான் முதலாளி வீடு. வாசலில் வேன் நின்றது. முதலாளி வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்தது. கூட்டம் கை தட்டியது. எதிர் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "மெக்காவுலருந்து ஜம்ஜம் தண்ணி எனக்கும் ஒரு பாட்டில்" என்றார். அவர் பிடித்த வேகத்தில் முதலாளி பின்னால் இருந்த பலகைமேல் சாய்ந்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. சட்டை முதுகில் 'பயணம்' கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பிப் பதிந்துகொண்டது.

முதலாளி பேந்தப் பேந்த விழித்தார். அந்த நேரம் பார்த்து என் அம்மா முன்னால் வந்து கைகூப்பினார்.

"ஐயா, அங்க போயி எம்மகளுக்கு ஒரு நல்ல மாப்பிள்ள அமையணும்னு வேண்டிக்கிருங்க. உள்ளூரா இருந்தாத் தேவல. இவளுக்குச் சமைக்கத் தெரியாது, அதையும் சொல்லிருங்க."

தெருவே கேட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நான் தவித்தபோது, வேனுக்குப் பின்னாலிருந்து "மே" என்று சத்தம் வந்தது. கொழுத்த கிடாய் ஒன்று தலையை நீட்டி, முதலாளியின் கழுத்தில் தொங்கிய மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

செல்வம் அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மொதலாளி, ஆடும் ஹஜ்ஜுக்கு வருதா?"

வாசலில் நின்ற முதலாளியின் மனைவி நூர்ஜகான் அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"ஹஜ்ஜுக்குப் போனவுகல்லாம் எப்பவோ மெக்கா போயிச் சேந்துட்டாகம்மா. நாங்க இளையான்குடிக்குப் போறோம், எங்கம்மா வீட்டுக்கு."

"பெருநாள்னு சொன்னாகளே..." என்று இழுத்தேன்.

"நாங்க பண்டிகையத்தான் பெருநாள்ம்போம். நோன்பு முடிஞ்சு வர்றது நோன்புப் பெருநாளு. அங்க ஹஜ்ஜு நடக்கிற சமயம் வர்றது ஹஜ்ஜுப் பெருநாளு. நீங்க பக்ரீத்துங்கிறீகளே, அதுதான்."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். அம்மா மட்டும் கலங்கவில்லை. "பக்ரீத்தா? அப்ப முறுக்குக் கொஞ்சம் கூடத்தான் போச்சு" என்றார்.

முதலாளி கிடாயின் வாயிலிருந்து மீதி மாலையைப் பிடுங்கினார். பலகையைப் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போகாத ஹஜ்ஜுக்கே இம்புட்டுக் கூட்டமா? நெசமாப் போனா காரைக்குடி தாங்காது போலயே."

அப்புறம் அவரும் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. வந்தது வந்தாயிற்று என்று எல்லோரும் டாட்டா காட்ட, தூக்குவாளியோடும் கிடாயோடும் வேன் இளையான்குடிக்குப் புறப்பட்டது. அவர் திரும்பி வந்தபோது எங்கள் எல்லோருக்கும் கறி வந்தது, எனக்கு வேலையும் நிரந்தரமானது. அவருக்கும் 'இளையான்குடி ஹாஜியார்' என்ற பெயர் நிரந்தரமானது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரைத்தான் ஹாஜியார் என்று சொல்ல வேண்டும் என்று அவர் மன்றாடிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை.

போன வருஷம் முதலாளிக்கு உண்மையாகவே ஹஜ் போக வாய்த்தது. தெருவில் யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். கடைசியில் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "இந்தத் தடவ நெசம், கலா. பலகை மட்டும் வேணாம்" என்றார். சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை.

நல்லபடியாகப் போய்த் திரும்பி, எங்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். செல்வம் அண்ணன் ஒன்றை வாயில் போட்டு நிதானமாக மென்றார். கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"இளையான்குடியில இப்ப இதெல்லாம் வெளையுதா, மொதலாளி?"